பாட்டாளியின் முதுகும் கடைமருந்தும்

சிலாங்கூரின் செல்வ வளத்திற்குக் காரணம் கேட்டால், ஈயத்தையும் இரப்பரையும் காட்டுவது வழக்கம். அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுசென்ற இருப்புப்பாதையையும் சிலர் சேர்த்துக் கூறுவர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை அமைந்த அப்பாதை 1886ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. காடழித்தவர், மண் சுமந்தவர், பால்மரம் சீவியவர் ஆகியோரின் முதுகுகளே இவ்வளத்தைத் தாங்கின என்பதை நினைவுகூர்வோர் குறைவு. அம்முதுகுகள் பட்ட வலிக்கும், அவ்வலிக்குத் தேடிய மருந்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று மருந்துக்கடை வாயிலில் நிற்பவருக்கும் அவ்வரலாறு பாடமாகத்தக்கது.

குனிந்து வளர்த்த நாடு

1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் குடில்களையும் அழித்தன. பிராங்க் சுவெட்டன்காம் நகரைச் செங்கல்லால் கட்டுமாறு பணித்தார். செங்கற்சூளைகள் எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் அஃது இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாயிற்று. தமிழர் அங்கே மிகுதியாக வாழ்ந்தனர். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலோ, வைகறையில் நிரைக்குச் சென்ற தொழிலாளர் நூற்றுக்கணக்கான மரங்களின் முன் குனிந்தும் நிமிர்ந்தும் சீவினர். பின்னர் சேர்ந்த பாலைக் காண்டாக் கம்பில் வாளிகளாகத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தனர்.

மாலையில் லயத்து வீட்டில் கிடைத்த மருந்து எளியது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தேய்த்தனர். நொச்சி இலையை வதக்கியும் தவிட்டை வறுத்தும் ஒத்தடம் கொடுத்தனர். தோட்ட மருத்துவமனையில் டிரெசர் இருந்தார். ஆயினும் அங்கே கிடைத்த கவனிப்புத் தொழிலாளர்க்கு மனநிறைவு தரவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தமே அதற்குச் சான்று. ஊதிய உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தின் ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளுடன், முறையான மருத்துவ வசதியும் ஒரு கோரிக்கையாக இடம்பெற்றது. போராட்டத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். மருந்தும் உரிமையே என்ற குரல் இம்மண்ணில் அன்றே எழுந்துவிட்டது.

புலியும் கோடாலியும்

மருத்துவர் எட்டாத தொலைவில் இருந்தபோது, மளிகைக் கடையின் சிறு புட்டி எட்டும் தொலைவில் இருந்தது. காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். இசை அரங்குகளில் அதனை இலவசமாக வழங்கி மக்களிடையே பரப்பினார். அந்நிறுவனம் 1914இல் சென்னைக்கு மாறியது. இரங்கூனில் மருந்துக்கடை நடத்திய ஓ சூ கின் 1908இல் மறைந்தார். அவருடைய மைந்தர் ஓ பூன் ஹாவும் ஓ பூன் பாரும் தந்தையின் களிம்பைச் செம்மைப்படுத்தி, மூத்தவர் பெயரில் அமைந்த புலியையே அதன் அடையாளமாக்கினர்; 1926இல் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தனர். சிங்கப்பூரிலேயே 1928இல் லியுங் யுன் சீ உருவாக்கிய எண்ணெய், தமிழர் நாவில் 'கோடாலித் தைலம்' ஆயிற்று. மலாயாவிலிருந்து தாயகம் சென்றவரின் பெட்டியில் அதற்கும் ஓரிடம் இருந்தது.

புலியும் கோடாலியும் எழுத்தறியாதவரும் அறியும் எழுத்துகள். படத்தைச் சொல்லிக் கேட்டால் பொருள் கிடைத்தது. இப்புட்டிகள் பரவியதற்கு அஃதும் ஒரு காரணமாதல் வேண்டும்.

வலி நிவாரணத் தைலங்களில் பெரும்பாலும் கற்பூரம், மென்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை அடங்கும். மென்தால் புதினா இனத்திலிருந்து கிடைப்பது. தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணரும் வாயிலையே அது தட்டுகிறது என்பது 2002இல் கண்டறியப்பட்டது. அவ்வாய்வில் ஈடுபட்ட டேவிட் ஜூலியசும் ஆர்டம் பட்டபூட்டியனும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் நரம்பு வாயில்களைக் கண்டறிந்தமைக்காக 2021இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆகவே தைலம் தந்த ஆறுதல் வெறும் மயக்கமன்று. எனினும் அது வலியுணர்வைத் தணிக்குமேயன்றி, வலியின் காரணத்தைக் களையாது. விழுங்கினாலோ அது நஞ்சு. தூய மெத்தில் சாலிசிலேட்டின் ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு நிகராகும். குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைக்க வேண்டியது அது.

மாத்திரையின் காலம்

1899இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. 1950களில் பாரசிட்டமால் பரவியது. முதுகு பிடித்துக்கொண்டால் பாரசிட்டமால் வாங்குவது வீட்டு வழக்கமாயிற்று. ஆயினும் ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, திடீர் இடுப்புவலியில் அம்மாத்திரையை உண்டவரும் மருந்தற்ற போலி மாத்திரையை உண்டவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் குணமடைந்தனர் என 2014இல் அறிவித்தது. இபுபுரோபென் போன்ற அழற்சி நீக்கிகள் ஓரளவு பயன்தரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உடையோர் மருந்தாளரை வினவாமல் அவற்றை உண்ணலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட இடுப்புவலிக்கு விளக்கக் கல்வியையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைத்தது. இடுப்புக் கச்சையை வழக்கமாக அணிவதை ஊக்கவில்லை.

படிக்கத் தெரிந்தவரின் கடமை

'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்த பின்னரே அது தணியும் வழியை நாடச் சொன்னார். அவ்வறிவுரைக்கு இன்று புதிய தேவை எழுந்துள்ளது. மூட்டுவலி, முதுகுவலி அனைத்தும் ஒரே வாரத்தில் தீரும் என்று இரவுச் சந்தைகளில் விற்கப்படும் மூலிகைத் தூள்களிலும் குளிகைகளிலும் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. வலி விரைவில் மறைவது உண்மை. நாளடைவில் முகம் வீங்கும்; சர்க்கரை ஏறும்; எலும்பு தேயும்; மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இக்கேட்டைத் தடுக்கவே 1984ஆம் ஆண்டின் மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. 1992 முதல் பாரம்பரிய மருந்துகளும் பதிவுக்கு உட்பட்டன. பதிவு பெற்ற பொருளின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளுடன் எண்ணும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'எக்ஸ்' என்றால் மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கது. பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருத்தல் வேண்டும். போலி எண் அச்சிடுவோரும் உளராதலின், எண்ணைப் பதிவேட்டில் ஒப்புநோக்குதல் நன்று. கால் மரத்தல், சிறுநீர் அடைத்தல் அல்லது கட்டின்றிப் போதல், காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு ஆகியவை முதுகுவலியுடன் சேர்ந்து தோன்றினால், எந்தக் கடைமருந்தையும் நம்பிக் காத்திராமல் மருத்துவமனையை நாட வேண்டும்.

தோட்டத்துப் பாட்டனார் புலிப்படத்தைக் கண்டு மருந்து வாங்கினார். அவருக்குக் கிட்டாத எழுத்தறிவு அவருடைய பேரப் பிள்ளைகளுக்குக் கிட்டியுள்ளது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ முதியவர் ஒருவர் புட்டியை நீட்டும்போது, அதன் உறையைப் படித்துப் பொருள் சொல்லும் மாணவனே, பள்ளியில் கற்ற எழுத்திற்குப் பயன் கண்டவன்.