ரெண்டு மாடும் கால் குதிரையும்

பொங்கலுக்கு மெட்ராஸ்லேர்ந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். கிணத்து மேட்டுல துருப்பிடிச்சுக் கிடந்த கூனையைப் பார்த்து, "இது என்ன மாமா?"ன்னான். எங்கப்பா கமலை இறைச்சது மருமகனேன்னேன்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் சொல்றேன். கூனைங்கிறது இரும்புச் சால், அடியில தோல் தும்பி தொங்கும். வடத்தை மாட்டுல பூட்டி, சரிவுல இறக்குவாங்க. மாடு கீழ இறங்கும்போது அதோட எடையும் சேர்ந்து இழுக்கும், கூனை மேல வரும். வால்கயிறைத் தளர்த்துனா தண்ணி கொட்டும். அப்புறம் மாடு பின்னாலயே நடந்து மேடேறணும். சின்ன வயசுல நான் வடத்து மேல உக்காந்து போயிருக்கேன்.

மருமகன் இன்ஜினியர். கணக்கு போட்டான். கூனைக்கு சுமார் 120 லிட்டர், அதாவது 120 கிலோ. தண்ணி 10 மீட்டர் ஆழத்துல. ஒரு இறைப்புக்கு ஒரு நிமிஷம். 120-ஐ 10-ஆலயும், புவியீர்ப்புக்கு 9.8-ஆலயும் பெருக்கி, 60 விநாடியால வகுத்தா 196 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, ரெண்டு மாடு சேர்ந்து கால் குதிரை! ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரம் விக்கிறதுக்காகப் போட்ட அளவு அது; குதிரையைக் கொஞ்சம் தாராளமாவே மதிச்சிட்டார்.

போன நூற்றாண்டு ஆரம்பத்துலயே இந்தக் கணக்கைப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். எண்ணெய் எஞ்சின் வச்சு இறைக்கலாம்னு மாகாணம் பூரா சொன்னார். பெருவிவசாயிக்குக் கட்டும், எங்களை மாதிரி ஆளுக்கு எங்கே? 1944-ல பாபநாசத்துல தாமிரபரணித் தண்ணியைக் கீழ இறக்கி மின்சாரம் எடுத்தாங்க. இறங்குற தண்ணி தர்ற சக்தியில ஏறுற தண்ணி. கணக்கு ஒண்ணுதான், திசைதான் வேற. எங்க விருதுநகர்க்காரர் காமராஜர் ஆட்சியில கிராமங்களுக்குக் கம்பி வந்தது. 1990-ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம்.

நான் அதைக் குறை சொல்லமாட்டேன், அது இல்லன்னா நான் என்னைக்கோ நிலத்தை வித்திருப்பேன். ஆனா தண்ணி இறங்கிக்கிட்டே போச்சு. கிணறு வத்தின வீட்டு ஆளுக சிவகாசிப் பட்டாசு ஆலைக்கு பஸ் ஏறுனாங்க. நான் போர் போட்டேன். தண்ணி 100 மீட்டர்ல நிக்குது.

"உங்க மோட்டர் 5 ஹெச்பி. பாதி சூட்டுலயும் குழாயிலயும் போச்சுன்னா, விநாடிக்கு 1.9 லிட்டர் வரும்"ன்னான். நம்பலை. மும்முனைக் கரண்ட் வந்ததும் 200 லிட்டர் டிரம்மை வச்சுப் பார்த்தோம். நிறைய ஒண்ணேமுக்கால் நிமிஷம் ஆச்சு.

நிமிஷத்துக்கு 114 லிட்டர். அப்பாவோட மாடு கொடுத்தது 120.