“மங்கோலியக் குழந்தை” என்ற பெயரின் சரித்திரம்

சில மாதங்களுக்கு முன்னர் நமது தோட்டத்து ஆபீசுக்கு ஒரு தாய் கைக்குழந்தையுடன் வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதம் ஒன்றை நீட்டினாள். ஆங்கிலம் படித்தோம் என்ற காரணத்தால் இத்தகைய கடிதங்களை வாசித்துப் பொருள் கூறும் வேலை நம்மைச் சார்ந்ததாயிருக்கிறது. குழந்தைக்கு “டௌன் சின்ட்ரோம்” என்று அதில் கண்டிருந்தது. நாம் வாசித்து முடிப்பதற்குள் அவள் கேட்டாள்: “கிராணி ஐயா, டௌன் என்றால் கீழே என்றுதானே அர்த்தம்? என் பிள்ளை எல்லாருக்கும் கீழேயா?”

டௌன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று விடை கூறினோம். அவள் முகம் சிறிது தெளிந்தது. ஆயினும், அம்மனிதரே இக்குழந்தைகளுக்கு முதலில் வேறொரு பெயரைச் சூட்டியவர் என்பதையும், அப்பெயரை நீக்க நூறு ஆண்டு பிடித்தது என்பதையும் அன்று அவளுக்குச் சொன்னோமில்லை. அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஜான் லாங்டன் டௌன் என்பவர் இங்கிலாந்தில் எர்ல்ஸ்வுட் என்னுமிடத்தில், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென அமைந்த விடுதியில் 1858 முதல் 1868 வரை தலைமை வைத்தியராயிருந்தவர். அவர் கொடியவர் அல்லர். அங்கிருந்தோருக்குச் சுத்தமான இடமும் தொழிற்பயிற்சியும் கிடைக்கச் செய்தார். அவர்களைப் புகைப்படம் பிடித்தும் வைத்தார். இத்தகைய நல்லவர்தாம் 1866-ஆம் ஆண்டில், அறிவு குன்றியோரைச் சாதி வகையாகப் பிரிப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அக்காலத்து மேனாட்டுப் பண்டிதர்கள் மனித குலத்தை ஐந்து இனமாகக் கூறுபோட்டு, வெள்ளையரை உச்சியில் அமர்த்தியிருந்தனர். நமது வருணாசிரம ஏற்பாட்டிற்கு இஃது எவ்வாற்றானும் இளைத்ததன்று. டௌன் அவ்வேணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளின் முகங்களை நோக்கி, இவன் எத்தியோப்பிய வகை, இவன் மலாய் வகை, இவன் அமெரிக்க வகை, இவன் மங்கோலிய வகை என்று எழுதிச் சென்றார். மலாய் வகை என்று ஒன்று இருந்ததை இந்நாட்டில் வாழும் நாம் கவனிக்க வேண்டும். மற்ற வகைகளெல்லாம் ஏட்டோடு மறைந்தன. மங்கோலிய வகை ஒன்று மட்டும் நிலைத்தது. காரணம், அவர் கண்ட அடையாளங்கள் மெய்யானவை; அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் உடன்பிறந்தார்போல் ஒத்திருந்தது மெய். அவதானம் சரி, பெயர் தவறு. பெற்றோரின் காசநோயே காரணம் என்று அவர் கூறியதும் தவறு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு நோய் இனங்களுக்கிடையே உள்ள சுவரைத் தகர்க்கக் கூடுமாயின் மனித குலம் ஒன்றே என்பது டௌன் கண்ட முடிவு. அடிமை வியாபாரத்திற்கு விஞ்ஞானத்தின் பெயரால் நியாயம் பேசியோருக்கு எதிராக அவர் நின்றார். ஆனால் உலகம் அவருடைய முடிவை மறந்து, பெயரை மாத்திரம் பற்றிக்கொண்டது.

பெயர் சட்டத்தோடு சேர்ந்தபொழுது தீங்கு பெருகிற்று. 1913-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் அறிவு குன்றியோரை இடியட், இம்பசைல் முதலிய நான்கு வகுப்பாகப் பிரித்து, விடுதிகளில் அடைத்துவைக்க அதிகாரம் அளித்தது. இன்று தெருவில் வசைச் சொற்களாய் வழங்கும் இவை அன்று வைத்தியர் கையொப்பமிட்ட சொற்கள். 1924-இல் குரூக்ஷாங்க் என்னும் வைத்தியர் ஒரு நூல் எழுதி, இப்பிள்ளைகள் மங்கோலியரின் வழியும், அதற்கும் அப்பால் ஒராங் ஊத்தான் வழியும் வந்தவர் என்று வாதித்தார். இங்ஙனம் ஒரே மூச்சில் குழந்தைகளையும் ஒரு தேசத்தாரையும் இழிவு செய்த நூல் வேறு உண்டோ என்பது ஐயமே.

நிற்க. லயனல் பென்ரோஸ் என்பார் அப்பிள்ளைகளின் இரத்த வகைகளைச் சோதித்து, அவை மங்கோலியருடையதைப்போல் இல்லை, ஆங்கிலேயருடையதைப்போலவே உள்ளன என்று 1932-இல் காட்டினார். அடுத்த ஆண்டில், தாயின் வயது ஏற ஏற இவ்வாறு பிறக்கும் வாய்ப்பு மிகுகிறது என்பதையும் நிறுவினார். 1959-இல் பிரெஞ்சு வைத்தியர் லெழேனும் அவர் கூட்டாளிகளும் உண்மைக் காரணத்தை வெளியிட்டனர். நமது உடலின் அணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. இப்பிள்ளைகளிடம் 21-ஆம் எண்ணுடையது ஒன்று மிகுந்து 47 ஆகிறது. அந்த ஆராய்ச்சிக்குத் திசுக்களை வளர்த்துக் கொடுத்தவர் மார்த் கோத்தியே என்னும் பெண் வைத்தியர். அவர் பெயர் நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அது தனியே எழுதற்குரிய கதை.

காரணம் தெரிந்த பின்னும் பெயர் தானே போய்விடவில்லை. 1961-இல் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து “லான்செட்” பத்திரிகைக்கு எழுதி, பழம்பெயரைக் கைவிடுமாறு வேண்டினர். கையொப்பமிட்டோருள் டௌனின் பேரர் ஒருவரும் இருந்தார். 1965-இல் மங்கோலியக் குடியரசின் பிரதிநிதிகள் உலகச் சுகாதார ஸ்தாபனத்தில் இதைக் கிளப்பினர். அதன் பின்னரே அச்சொல் அங்கே ஒழிந்தது. டௌனின் இன்னொரு பேரர் 1905-ஆம் ஆண்டில் இதே நிலையோடு பிறந்தவர். பாட்டனார் 1896-இலேயே காலமாகிவிட்டார்; தாம் வகுத்த வகையிலே தம் குலத்துப் பிள்ளையைக் காண அவர் இருந்தாரில்லை.

பெயர் மாறினால் என்ன, வாழ்வு மாறிற்றா என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் “பள்ளிக்குத் தகுதியற்றது” என்று ஒரு குழந்தையை ஒதுக்கும் அதிகாரம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் நீங்கிற்று. அந்த முத்திரை இருந்த வரையில் அப்பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. கற்பிக்காதபடியால் அது கற்கவில்லை. கற்கவில்லையாதலால் முத்திரை சரியென்றனர். இப்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயத்தில் குறை உண்டு. சத்திர சிகிச்சையால் தீர்க்கத்தக்க அக்குறைக்கும், “இவர்களுக்கு எதற்கு?” என்று பல நாடுகளில் சிகிச்சை மறுக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1962-இல் “ரிட்டார்டட்” என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கித் தோன்றிய சங்கம், 1985-இல் அதைக் களைந்து “மைண்ட்ஸ்” என்றாயிற்று.

நம்மவர் கதை இதனினும் மேலானதன்று. மந்தம், பித்து, சாபம், கிரகண தோஷம், முன்வினை! வெள்ளையன் இனத்தின் மேல் பழியைப் போட்டான்; நாம் தாயின் மேல் போடுகிறோம். மேற்சொன்ன தாய்க்கு வயது 22. இளந்தாய்க்கும் இவ்வாறு பிறப்பதுண்டு. கர்ப்பத்தில் அவள் என்ன தின்றாள், எங்கே நடந்தாள் என்று மாமியார் விசாரித்து முடித்தாயிற்று. பூசாரி ஒருவர் பரிகாரத்திற்கு விலையும் சொல்லியாயிற்று. ஒரு குரோமோசோம் மிகுந்ததற்கு எந்தச் சேவலை அறுப்பது என்று நாம் கேட்டோம். அவள் சிரிக்கவில்லை. “பணம் பாதி கொடுத்துவிட்டோம் ஐயா” என்றாள்.

மறுவாரம் அவள் மீண்டும் வந்தாள். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகநல இலாகா வழங்கும் அட்டைக்கான படிவம் அவள் கையிலிருந்தது. வைத்தியர் எழுத வேண்டிய பகுதியை விட்டு, மற்றதை நாம் நிரப்பினோம். “கற்றல் குறைபாடு” என்ற கட்டம் எது என்று காட்டச் சொல்லி, அதை நெடுநேரம் பார்த்தாள். பிள்ளையின் பெயருக்கு விட்டிருந்த இடம் சிறிது, பெயரோ நீளம். எழுத்தைக் குறுக்கி எழுதினோம். இருதயத்தைச் சோதிப்பதற்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள் என்றும், அன்று தன் புருஷனுக்கு லீவு கிடைக்குமா என்றும் அவள் கேட்டாள்.