ஜாலான் புசார் விளையாட்டரங்கச் சுற்றுப்புறத் தெருப்பெயர்கள்

ஜாலான் புசார் விளையாட்டரங்கம் சிங்கப்பூரில் உள்ள பழமையான காற்பந்துத் திடல்களுள் ஒன்று. 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. மலாயா கிண்ணப் போட்டிகள் பல இங்கு நடைபெற்றன. 1999 இல் மூடப்பட்டு, மீளக் கட்டப்பட்டு, செயற்கைப் புல்தரையுடன் 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதனைச் சூழ்ந்துள்ள தெருக்களிற் பெரும்பாலானவை முதலாம் உலகப் போரின் பிரித்தானிய, பிரெஞ்சுத் தளபதிகளின் பெயர்களையும், அப்போர் நடந்த களங்களின் பெயர்களையும் தாங்கியுள்ளன.

பெயரிடல்

'ஜாலான் புசார்' என்பது மலாய் மொழியில் 'பெரிய சாலை' எனப் பொருள்படும். இப்பகுதி முன்னர் சதுப்பு நிலமாகவும் காய்கறித் தோட்டங்களாகவும் இருந்தது. அருகிலுள்ள லவெண்டர் தெரு, தோட்டங்களுக்கு இடப்பட்ட மலக்கழிவு உரத்தின் நாற்றத்தைக் கேலி செய்து நறுமணச் செடியொன்றின் பெயரைப் பெற்றது. சதுப்பு தூர்க்கப்பட்டுப் புதிய சாலைகள் அமைக்கப்பட்ட காலம் உலகப் போர் முடிந்திருந்த காலமாகும். எனவே பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

கடற்படையினர் பெயரில் பீட்டி, ஜெலிக்கோ, ஸ்டர்டி, டிரிட் ஆகிய சாலைகள் உள்ளன. அரங்கத்தின் முகவரி டிரிட் சாலையே. இப்பெயரின் ஆங்கில எழுத்துக்களைப் பார்த்துப் படிப்பவர் எவரும் சரியான ஒலிப்பை எட்டமாட்டார். ஹோர்ன், பிரெஞ்ச், பிளமர், காவன், ஃபோக் முதலியன தரைப்படைத் தளபதிகளின் பெயர்கள். சோம், மார்ன், வெர்டன், பிளாண்டர்சு என்பன போர்க்களங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கும் ஓர் அவெனியூ உண்டு. கிச்சனர் சாலை, 1902 முதல் 1909 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் பிரித்தானியப் போர் அமைச்சராகவும் இருந்து 1916 இல் கடலில் மூழ்கி இறந்த கிச்சனர் பிரபுவின் பெயரைக் கொண்டது.

மெசொப்பொத்தேமியப் பெயர்கள்

மோட் சாலையும் டவுன்செண்ட் சாலையும் இன்றைய ஈராக்கில் நடந்த போரை நினைவூட்டுகின்றன. இப்போரிற் பிரித்தானியர் பெரிதும் நம்பியிருந்தது இந்தியச் சிப்பாய்களையே. தளபதி டவுன்செண்ட், குட் நகரில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் முற்றுகையிடப்பட்டு, 1916 ஏப்ரல் 29 அன்று துருக்கியரிடம் சரணடைந்தார். பிடிபட்டோர் ஏறத்தாழ 13,000 பேர். இவர்களுட் பெரும்பான்மையினர் இந்தியர். ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்ட நிலையில் பசியாலும் நோயாலும் மாண்டனர். டவுன்செண்ட் இசுதான்புல் அருகிலுள்ள தீவொன்றில் வசதியாக வைக்கப்பட்டிருந்தார். மறு ஆண்டு மார்ச்சில் பாக்தாதைக் கைப்பற்றிய மோட், அதே ஆண்டு நவம்பரில் வாந்திபேதியால் இறந்தார்.

மேற்கண்ட பெயர்களுள் ஒன்றேனும் இந்தியப் படைவீரருடையதன்று. சிங்கப்பூரிலேயே 1915 பிப்ரவரி 15 அன்று இந்தியப் படையின் 5 ஆம் இலகு காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தனர். விசாரணைக்குப் பின் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைக்கு வெளியே பொதுமக்கள் முன்னிலையிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கிளர்ச்சியில் இறந்த பிரித்தானியர் சிலருக்கு நகரின் பிற பகுதிகளிலே தெருக்கள் அமைந்தன. ஹார்ப்பர் சாலை, ஹோல்ட் சாலை ஆகியன அத்தகையன.

பெத்தேன் சாலை

இப்பெயர்களில் மிகவும் சிக்கலானது இதுவே. வெர்டன் போரின் வீரராகப் போற்றப்பட்ட பிரெஞ்சு மார்ஷல் பிலிப் பெத்தேன், 1940 இல் செருமனியிடம் பணிந்து விஷி அரசின் தலைவரானார். இதன் விளைவு சிங்கப்பூரையும் தொட்டது. 1941 சூலையில் அவ்வரசு தென் இந்தோசீனாவில் சப்பானியப் படைகள் தங்க இணங்கியது. அங்கிருந்து புறப்பட்ட விமானங்களே அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று சிங்கப்பூர் மீது குண்டு வீசின. 1945 இல் பெத்தேனுக்குத் தேசத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1951 இற் சிறையிருப்பிலேயே இறந்தார். ஆயினும் சாலையின் பெயர் மாற்றப்படவில்லை. இன்று இச்சாலையைக் காண வருவோர், பூவேலை ஓடுகள் பதித்த வரிசை வீடுகளுக்காகவே வருகின்றனர்.

1942

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், சப்பானியர் சீன ஆண்களை வடிகட்டி விசாரித்த இடங்களுள் இவ்விளையாட்டரங்கமும் ஒன்று. இவ்வாறு பிரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் 5,000 முதல் 50,000 வரை வேறுபடுகின்றன.

கிச்சனர் சாலை முடிவுறும் சிராங்கூன் சாலைக்கு அப்பால் உள்ளது ஃபேரர் பூங்கா. குதிரைப் பந்தயத் திடலாக இருந்து விளையாட்டுத் திடலான இது, நகராட்சித் தலைவராக இருந்த ஆர். ஜே. ஃபேரரின் பெயரைப் பெற்றது. இங்கும் காற்பந்து ஆடப்பட்டு வந்தது. 1942 பிப்ரவரி 17 அன்று, கிச்சனர் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய அதே இந்தியப் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 45,000 போர்க்கைதிகள் இத்திடலில் நிறுத்தப்பட்டு, பிரித்தானிய அதிகாரியொருவரால் சப்பானியரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டனர்.