பச்சைப் பாலில் பாக்டீரியா மாசு

கறந்தபின் சூடேற்றாத பாலில் பண்ணையிலேயே பாக்டீரியாக்கள் சேர்வதை இப்பெயர் குறிக்கும். நோயற்ற மடிக்குள் சுரக்கும் பாலில் கிருமி அநேகமாக இராது. காம்பு வழியே வெளியேறும்போதே சேரத் தொடங்கிவிடுகிறது. காம்புத் துளையில் தங்கியிருப்பவை முதல் பீச்சலோடு வந்துவிடும். காம்பில் காய்ந்து ஒட்டிய சாணம், வாலிலிருந்து தெறிக்கும் மூத்திரம், கறப்பவரின் ஈரக் கை, கேனின் கழுத்து மடிப்பு, கறவை இயந்திரத்தின் ரப்பர் உறையில் விழுந்த மயிரிழை வெடிப்பு ஆகியவை மீதியைச் சேர்க்கின்றன. உடல்சூட்டில் ஈ. கோலை போன்றவை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் அவை அடங்கும். ஆனால் சூடோமோனாஸ் இனம் அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகும். இவையெல்லாம் பாலைக் கெடுப்பவை. பாலைக் கெடுக்காமல் குடிப்பவரைக் கெடுப்பவை தனி வகை: புரூசெல்லாவும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் தொற்றுள்ள விலங்கின் உடலிலிருந்தே பாலில் இறங்குகின்றன. அவற்றால் பால் புளிக்காது, திரியாது, நாறாது. தொழுவத்தின் தூய்மை முதல் வகையைக் கட்டுப்படுத்தும். இரண்டாம் வகையை அது தொடுவதேயில்லை. இவ்வேறுபாடு ஏற்கப்படுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

தொடக்கம் மால்டா தீவு. அங்கு நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் படையினரையும் மாலுமிகளையும் மாதக்கணக்கில் ஏறி இறங்கி வாட்டிய காய்ச்சலுக்கு ‘மால்டா காய்ச்சல்’ என்றே பெயர். இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து அதன் கிருமியை, அதாவது இன்றைய புரூசெல்லாவை, பிரித்து 1887இல் வெளியிட்டார். ஆனால் அது உடலுக்குள் எப்படிப் புகுகிறது என்பது மேலும் 18 ஆண்டுகள் பிடிபடவில்லை. சாக்கடை, காற்று, கொசு, புழுதி என எல்லாமே ஐயத்துக்குள்ளாயின. ஆடு ஆகவில்லை, ஏனெனில் ஆடு கொழுகொழுவென்று இருந்தது. மால்டா நகரங்களில் பால்காரர் ஆடுகளைத் தெருவழியே ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார். மாடிவீடாயின் ஆடு படியேறிப் போகும். கண்ணெதிரே கறந்த வெதுவெதுப்பான பாலைவிடத் தூயது எது என்பதே பொதுக் கருத்து. மருத்துவமனை நோயாளிகளுக்கும் அதே பால் ஊட்டமாகக் கொடுக்கப்பட்டது. 1904இல் அமைந்த ஆய்வுக் குழுவில் இருந்த மால்டாக்காரர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித், சோதனைக்கென வைத்திருந்த ஆடுகளின் இரத்தத்தை 1905இல் பரிசோதித்தபோது, அவர் கிருமியைச் செலுத்தும் முன்பே அது தொற்றின் வினையைக் காட்டியது. அவற்றின் பாலிலும் கிருமி கிடைத்தது. தீவின் ஆடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று அதைப் பாலில் வெளியேற்றுவதாகக் குழு கண்டது. அதே ஆண்டு ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில் மால்டா ஆடுகள் அமெரிக்காவுக்குப் போயின. வழியில் அவற்றின் பாலைக் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தனர். 1906இல் படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டதும் முகாம்களில் நோய் சடுதியாக வீழ்ந்தது. தீவின் குடிமக்கள் பழையபடியே குடித்தார்கள், பழையபடியே நோயுற்றார்கள். ஸம்மித் 1935இல் இறந்தார். அவரது தீவில் பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஆலை 1938இல்தான் வந்தது.

மாட்டுப்பாலில் இதே உண்மை இன்னும் கடுமையாக எதிர்க்கப்பட்டது. டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் 1897இல் மாடுகளின் கருச்சிதைவுக்குக் காரணமான கிருமியைக் கண்டபோது அது மனிதரைத் தொடாத கால்நடை நோய் என்றே கருதப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் 1901இல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதருக்குத் தொற்றுவது அரிது, தடுப்பு தேவையில்லை என்றார். அவர் சொல்லுக்கு இருந்த எடையால் பிரிட்டன் ஒரு விசாரணைக் குழுவே அமைக்க நேர்ந்தது. அது 1911இல் முடித்தபோது அவர் கூற்று தவறென்று நிலைநாட்டியது. அமெரிக்க ஆய்வாளர் ஆலிஸ் எவன்ஸ், பாங்கின் கிருமியும் புரூஸின் கிருமியும் நெருங்கிய உறவுடையவை, எனவே பச்சைப் பசும்பால் ஆபத்தானது என்று 1918இல் எழுதினார். அது உண்மையாயின் முன்பே யாரேனும் கண்டிருப்பார்களே என்று தள்ளினார்கள். பின்னர் அக்கிருமி அவரையே பீடித்தது.

பண்ணையைத் துப்புரவாக வைத்தால் போதும் என்ற வாதம் வெறும் பிடிவாதமன்று. அதற்குச் செயல்வடிவம் இருந்தது. 1893இல் நியூ ஜெர்சியில் ஹென்றி காய்ட் தொடங்கிய ‘சான்றளித்த பால்’ திட்டத்தில் மாடு, தொழுவம், கறப்பவர் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. ஒரு மில்லிலிட்டரில் 10,000 பாக்டீரியாவுக்கு மேல் கூடாது. அந்தக் காலத்துக்கு அபாரமான அளவு. ஆனால் புரூசெல்லா 100 இருந்தாலும் எண்ணிக்கை எல்லைக்குள்தான் நிற்கும். பச்சைப் பாலுக்கே இயல்பான காப்பு நொதிகள் உண்டு என்பதும் சரியே. அவை சில மணிநேரம் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும், தொற்றை அழிப்பதில்லை. சூடாக்கினால் சத்து போகும் என்பதில் உண்மை சிறிது: 72 டிகிரியில் 15 நொடி வைத்தால் சி வைட்டமினில் ஒரு பகுதி குறையும், ஆனால் அந்த வைட்டமினுக்காக யாரும் பாலை நம்பியிருப்பதில்லை. எதிர்த்திசையிலிருந்து வரும் வாதமே வலுவானது: தமிழ்நாட்டில்போலப் பொங்கக் காய்ச்சிக் குடித்தால் பண்ணையில் எது கலந்தால் என்ன? காய்ச்சினால் புரூசெல்லா சாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மடிநோய் கண்ட காம்பிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ், காய்ச்சும் முன்பே குளிர்விக்காத பாலில் பெருகி நஞ்சைக் கக்கியிருந்தால், கிருமி சாகும், நஞ்சு நிற்கும். 2000இல் ஜப்பானின் ஒசாக்கா வட்டாரத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றது அப்படித்தான். மின்தடையின்போது ஆலையில் குளிரின்றிக் கிடந்த பால் பின்னர் முறைப்படி சூடேற்றப்பட்டே பொடியாகியிருந்தது. ஆகவே பண்ணைத் தூய்மையும் குளிர்விப்பும் வேண்டும், சூடேற்றலும் வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

கொள்முதல் நிலையங்கள் அளப்பது பெரும்பாலும் முதல் வகையைத்தான். மெத்திலீன் நீலச் சோதனையில், பாலில் கலந்த நீலச் சாயத்தைக் கிருமிகள் எவ்வளவு விரைவில் வெளுக்கின்றன என்று பார்ப்பார்கள். இந்தியத் தர அளவீட்டில் 5 மணிநேரம் நிறம் நின்றால் மிக நல்ல பால், அரைமணிக்குள் மறைந்தால் மோசம். மெதுவாக வளரும் புரூசெல்லா இந்தச் சாயத்தை அசைக்காது. அதற்கென உள்ள வளையச் சோதனையில், சாயமேற்றிய இறந்த கிருமிகளைப் பாலில் இட்டு வைப்பார்கள். மாட்டுக்குத் தொற்று இருந்தால் மேலே திரளும் ஆடை நீல வளையமாக மாறும். ஆட்டுப்பாலில் கொழுப்பு அவ்வாறு திரளாததால் அச்சோதனை அதற்கு ஒத்துவராது. ஐரோப்பிய ஒன்றியம் பச்சைப் பசும்பாலுக்கு மில்லிலிட்டருக்கு 1,00,000 என்ற எல்லை வைத்துள்ளது. இந்தியாவில் 2019 முதல் 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி போடப்படுகிறது.