1856-ஆம் ஆண்டும் நீலமலைத் தைல மரமும்

தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் நோக்கிப் புறப்பட்டது 1856-ஆம் ஆண்டில். சென்னை மாகாணத்திற்கெனக் காட்டுத் துறை ஒன்று அமைந்து, ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதற் காப்பாளராக அமர்ந்ததும் அவ்வாண்டே. நீலமலையில் ஆஸ்திரேலியத் தைல மரத்தை விறகின்பொருட்டு முறையாகப் பயிரிடத் தொடங்கியதும் அவ்வாண்டே என்பர். இம்மூன்றும் வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு இயல்களில் கூறப்படுதலின், அவற்றிடையே உள்ள உறவு நம் கண்ணிற்குப் புலனாவதில்லை. அவ்வுறவு விறகு என்பதே.

நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்த அந்நாளில் இம்மாகாணத்துப் புகைவண்டிப் பொறிகள் பெரிதும் விறகையே எரித்தன. நகரின் அடுப்புகளும் விறகையே நம்பியிருந்தன. 1801-இல் தொடங்கி எண்ணூர் வரையிலும், பின்னர்ப் பழவேற்காடு வரையிலும் வெட்டப்பட்ட கால்வாய் (பிற்காலத்துப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இது) வடபுலக் காட்டு விறகைப் படகுகளில் சென்னைக்குக் கொணர்ந்தது. 'விறகுத் தொட்டி' என்னும் சென்னை வழக்கை முதியோர் இன்றும் அறிவர். அகராதி தொகுப்போர் அதனை மறவாதிருத்தல் வேண்டும். விறகுப் பஞ்சம் பெருகவே, கடற்கரை மணலில் சவுக்கு வளர்க்கப்பட்டது.

நீலமலை விறகு இராயபுரத்திற்கு வந்தது என்று நாம் கூற முற்படவில்லை. கடற்கரைக்குச் சவுக்கு எவ்வாறோ, மலைமேல் குடியேறிய ஐரோப்பியர்க்குத் தைல மரம் அவ்வாறு. ஒரு நோய்க்கு இரு மருந்து. உதகையின் குளிருக்கு அருகிலிருந்த சோலைகள் வெட்டுண்டு குறைந்தபோது, விரைந்து வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. 1843-இல் காப்டன் காட்டன் என்பார் நீலமலையில் நட்ட தாசுமேனிய மரம் அத்தேவையை நிறைவேற்றியது. 1863-இல் உதகையில் ஆராம்பித் தோட்டம் எழுந்தது. வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தழைத்தலின் விறகுக்கு இதனினும் ஏற்ற மரம் இல்லை என்று அவர் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் அம்மலைக்குத் தீயோடு பழைய உறவொன்று இருந்தது. தமிழிலக்கியம் மலைத்தீயை இருவகையாக அறியும். குறவர் அகிலும் சந்தனமும் வெட்டிச் சுட்டுத் தினை விதைத்த தீ ஒன்று. வேனிலில் மூங்கில் ஒன்றோடொன்று உரசிப் பிறந்த தீ மற்றொன்று. புதிதாகத் திருத்திய கொல்லைக்கு 'இதை' என்றும், பழங்கொல்லைக்கு 'முதை' என்றும் தனிப்பெயர் வைத்த மொழி, எரித்தலையும் விட்டுவைத்தலையும் ஒரு முறையாக அறிந்திருந்தது என்று கொள்ளலாம். இவை தாழ்வரைத் தீ. நீலமலையின் உச்சிப் பரப்பில் நிலை வேறு. ஆங்குப் புல்வெளியும், பள்ளங்களில் ஒடுங்கிய சோலையும் அடுத்தடுத்து நிற்கும். மார்கழி, தை மாதங்களின் உறைபனியில் புல் கருகி உலரும். பின்வரும் வறட்சியில் அது எளிதில் எரியும். தோதவர் எருமைகட்கு இளம்புல் தழைக்கவேண்டிப் புல்லை எரித்தனர். அத்தீ விரைந்து ஓடும். ஈரம் மிக்க சோலையின் விளிம்பை அடைந்ததும் பெரும்பாலும் அவியும். 'சோலை' என்னும் நம் சொல்லையே இன்று உலகின் தாவர நூலார் இக்காட்டிற்குக் கலைச்சொல்லாக வழங்குகின்றனர்.

தைல மரமோ தீயோடு ஒத்து வாழக் கற்ற மரம். அதன் இலையில் எரியும் எண்ணெய் உண்டு. பட்டை நாடாநாடாக உரிந்து அடியில் குவியும். காற்றில் பறக்கும் பட்டைத்துண்டு தீயைத் தொலைவிற்குச் சுமந்து செல்லும். தீயில் கிளை கருகினும், பட்டையின்கீழ் உறங்கும் மொட்டுகள் மீளத் தளிர்க்கும். ஆஸ்திரேலியத் தொல்குடியினர் சிறுசிறு தீயிட்டு நிலத்தைப் பேணிய முறையை 1969-இல் ரீசு சோன்சு என்னும் தொல்பொருளறிஞர் எடுத்துக்காட்டினார். சிறுதீ இல்லாவிடத்துச் சருகு பெருகும் என்பது அவர்களது பட்டறிவு. 2009 பிப்ரவரியில் விக்டோரியாவில் 173 பேரைக் கொண்ட பெருந்தீ அதன் கொடுமையை உலகிற்குக் காட்டிற்று. நம்மவர் மரத்தைக் கொணர்ந்தனர். அம்மரத்தொடு வாழும் தீமுறையைக் கொணரவில்லை. உள்ளூர்த் தீமுறையையும் 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் குற்றமாக்கியது. நம் கருத்தில் இப்பிழையே பெரிது. மரத்தின்மேல் மட்டும் குறை சுமத்துவது முறையன்று.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. புல்வெளி என்பது மக்கள் தீயிட்டு அழித்த காட்டின் எச்சம் என்று அக்காலத்தோர் நம்பினர். ஆதலின் அதனை வெற்று நிலம் என்று கருதி மரம் நட்டனர். இருபதாம் நூற்றாண்டிலும், ஆலைகளின் கூழுக்காக அந்நடவு தொடர்ந்தது. 1993-இல் வெளியான நீலமலைச் சதுப்பு மட்கின் ஆய்வு, அப்புல்வெளி 20,000 ஆண்டுகட்கு மேற்பட்ட தொன்மை உடையதென்று காட்டியது. குடியேற்றத்திற்கு மிக முற்பட்ட நிலத்தை வெற்றிடம் என்று எழுதிய ஆவணங்களை நாம் இனி அவ்வாறே ஏற்றல் இயலாது.

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்குரிய கொள்கையை வெளியிட்டது. பணி எளிதன்று. வெட்டிய தைல மரம் அடியிலிருந்து மீளத் தளிர்க்கும். உடன் வந்த சீகை எனப்படும் வாட்டில் மரத்தின் விதை மண்ணில் நெடுநாள் கிடந்து, வெப்பம் பட்டவுடன் முளைக்கும். தீயிட்டு அழிக்க முனைந்தால் அதுவே காடாகும். மற்றொன்றும் உண்டு. மலையில் 'கற்பூர மரம்' என்று வழங்கும் இம்மரத்தின் உதிர்ந்த இலையைப் பெண்கள் கூட்டிச் சேர்த்துத் தைலம் காய்ச்சுவோர்க்கு விற்கின்றனர். அவர்கள் கூலிக்காகச் செய்யும் அவ்வேலை, காட்டின் சருகைக் குறைத்துத் தீயையும் தணிக்கின்றது. மரம் அகற்றுங்கால் அவர்தம் பிழைப்பிற்கு யாது வழி என்பது அக்கொள்கையின் நடைமுறையில் தீர்க்கப்படவேண்டிய வினா.

இந்தியிலும் மராத்தியிலும் இம்மரத்தை 'நீலகிரி' என்றே அழைக்கின்றனர். வந்தேறிய மரம் மலையின் பெயரையே பெற்றுக்கொண்டது.