சுரங்கக் குளிரூட்டல்

ஆழம் கூடக் கூடப் பாறையின் சூடும் ஏறும். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், சுமார் 4 கி.மீ. ஆழத்தில், பாறை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடுகிறது. மேலிருந்து செலுத்தும் காற்று மட்டும் போதாது. அது இறங்கும்போதே அழுத்தத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறிவிடும். ஆகவே தரைமட்டத்தில் தயாரித்த பனிக்கூழைக் குழாய் வழியே இறக்கி, அதன் குளிர்நீரால் காற்றைக் குளிர்விக்கிறார்கள். பனிக்கட்டி ஒரு கிலோ உருகுகையில் உறிஞ்சும் வெப்பம், அதே எடை நீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. அதனால் குறைந்த நீரே தேவை. அதைத் திரும்ப மேலேற்றும் மின்செலவும் குறையும். ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது என்பதால், இந்தக் குளிரூட்டல் சொகுசல்ல, உயிர்க்காப்பு. இந்தியாவின் கோலார் தங்கவயலிலும் 3 கி.மீ.க்கும் கீழே இத்தகைய வெக்கையில் உழைத்தவர்களில் தமிழர்களே மிகுதி. அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.