கோவையில் பிறந்த கரும்பு

தைத் திங்கள் பிறக்கும் முன்பே மாதுங்கா அங்காடியில் கரும்புக் கட்டுகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தாராவியின் தெருக்களில் பொங்கற்பானை ஏறும்போது அதன் அருகே கரும்பும் நிற்கிறது. கோடை வந்தால் செம்பூரில் ரசவந்திக் கடையை நாடி நாம் கரும்புச் சாறு பருகுகிறோம். இவையெல்லாம் நமக்குப் பழகிப்போனவை. ஆயினும், இக்கரும்பை நோய் வாட்டிய காலம் ஒன்று உண்டு என்பதையும், அதனை மீட்கும் பணியில் நம் கோயம்புத்தூர் முன்னின்றது என்பதையும் நம்மில் பலர் அறியோம். அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

கரும்பு தமிழர்க்குப் புதிய பயிர் அன்று. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். அன்றுதொட்டு உழவர் கையாண்ட முறை ஒன்றே. முற்றிய கரும்பைக் கரணைகளாக நறுக்கி நடுவதே அம்முறை. இதில் ஒரு வசதி உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. கரணையிலிருந்து எழும் கரும்பு தாய்க்கரும்பின் இயல்பை அப்படியே கொண்டிருக்கும். தாய்க்கரும்பில் நோய் மறைந்திருந்தால் அதுவும் கரணையோடு புது வயலுக்குச் சென்றுவிடும். ஒரு கரும்பைக் கொல்லவல்ல நோய், அதே இனம் நிற்கும் வயல் முழுவதையும் கொல்ல வல்லதாகிறது.

அத்தகைய நோய்களுள் கொடியது செவ்வழுகல். ஒரு பூஞ்சையால் வருவது இது. முதலில் தோகை மஞ்சளித்து உலரும். கரும்பைப் பிளந்து பார்த்தால் உட்பகுதி சிவந்திருக்கும்; இடையிடையே குறுக்காக வெண்திட்டுகள் தெரியும்; புளித்த கள்ளின் நாற்றம் வீசும். இனிப்பு முழுவதும் கெட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோதாவரிப் படுகையில் இந்நோய் பரவி உழவரை நிலைகுலையச் செய்தது. சென்னை அரசின் தாவரவியல் அறிஞராயிருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் இதனை ஆராயப் பணிக்கப்பட்டார். சாமல்கோட்டையில் 1902ஆம் ஆண்டளவில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை தோன்றியது. நோய் தாங்கும் இனங்களைப் பல இடங்களிலிருந்தும் திரட்டி நட்டுப் பார்ப்பது அதன் நோக்கம்.

அதே காலத்தில் கடல் கடந்த ஜாவாத் தீவிலும் செரே என்னும் நோய் கரும்புத் தோட்டங்களைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. கரும்பு பூத்தாலும் முளைக்கும் விதை தராது என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் அவ்வெண்ணம் பொய்யாயிற்று. விதை முளைக்கும் என்றால் இரண்டு கரும்புகளை மணம் முடித்துப் புதிய கரும்பைப் பெறலாம். பயிர்ப் பெருக்க அறிவியலுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

1912இல் கோயம்புத்தூரில் கரும்புப் பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. கோவையின் தட்பவெப்பத்திலோ அது நன்கு பூத்து விதையும் தருகிறது. பார்பர் தலைமை ஏற்றார். அவருக்குத் துணையாகச் சேர்ந்தவர் சேலத்தில் பிறந்த டி. எஸ். வெங்கடராமன். அதியமானின் தகடூர், அதாவது தருமபுரி, அக்காலத்தில் சேலம் மாவட்டத்துள் அடங்கியது என்பதை நினைக்கும்போது நமக்கு உவகை பிறக்கிறது.

அவர்கள் செய்த துணிவான செயல் ஒன்று உண்டு. பருத்த, இனிய நாட்டுக் கரும்பாகிய வெள்ளை என்னும் இனத்தை ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணலோடு இணைத்தனர். நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும் உரம் உண்டு. அவ்விணைப்பில் பிறந்ததே கோ 205. 1918இல் அது பஞ்சாப் உழவர்க்கு அளிக்கப்பட்டது. ‘கோ’ என்னும் எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கும். பின்னர் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வெங்கடராமன் 1942 வரை அப்பணியில் இருந்தார். மரபணுவியல் அறிஞர் ஜானகி அம்மாளும் 1930களில் இங்குப் பணியாற்றினார்.

இப்பணி எளிதன்று. கரும்பின் விதை பஞ்சு போன்றது, ஊதினால் பறந்துவிடும். அதனைத் தொட்டியில் முளைக்கவைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வரவேண்டும். தேறியவற்றின் தண்டில் சிறு துளையிட்டு நோய்ப் பூஞ்சையின் வித்துகளை உள்ளே செலுத்துவர். சுமார் இரண்டு மாதம் கழித்துக் கரும்பைப் பிளந்து சிவப்பு எவ்வளவு தூரம் பரவியது என்று காண்பர். பரவவிடாமல் நின்ற கரும்பே தேர்வு பெறும். ஓர் இனம் உழவர் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.

1932இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி விதிக்கப்பட்டது. அதற்கு முன் நாட்டில் சுமார் 30 ஆலைகளே இருந்தன. 1930களின் நடுவில் அவை 130ஐத் தாண்டின. கோவைக் கரும்பு இல்லாவிடில் இவ்வாலைகள் அரைப்பதற்கு ஏது? நாம் குடியேறிய இம்மராட்டிய மண்ணுக்கும் கோவைக் கரும்பு வந்தது. ஜாவாவின் புகழ்பெற்ற இனத்தைத் தந்தையின் பக்கமோ தாயின் பக்கமோ கொண்டு பிறந்த கலப்புகளுள் ஒன்றான கோ 419, தக்காணத்தின் வாய்க்கால் பாசன நிலங்களில் செழித்தது. 1950இல் விட்டல்ராவ் விகே பாட்டீல், தனஞ்செயராவ் காட்கில் ஆகியோர் முயற்சியால் அகமத்நகர் மாவட்டத்தின் பிரவராப் பகுதியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. அதைத் தொடர்ந்து மராட்டியமெங்கும் எழுந்த ஆலைகள் ஊரகத்தின் பொருளாதாரத்தையே மாற்றின.

ஆனால் நோயும் வாளா இருக்கவில்லை. பூஞ்சை தன் இயல்பை மாற்றிக்கொள்ள வல்லது. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கீழ்ப்பகுதியிலும் பரவியிருந்த கோ 213, 1930களின் முடிவில் செவ்வழுகலுக்கு இரையாயிற்று. தமிழகத்தில் கடலூர் நிலையம் தந்த, சர்க்கரைச் சத்து மிகுந்த கோ.சி. 671 இனத்திற்கும் பின்னாளில் அதே கதி நேர்ந்தது. அண்மையில், 2009இல் வெளியிடப்பட்ட கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைக் கைக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே செவ்வழுகல் அதனையும் பற்றியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே இனத்தை நடுவது, கோட்டை வாயில்கள் அனைத்திற்கும் ஒரே சாவி செய்வதை ஒக்கும். அச்சாவி பகைவன் கையில் சிக்கினால் கோட்டை நில்லாது.

ஆகவேதான் பழைய இனங்களைக் காப்பது இன்றியமையாததாகிறது. 1961இல் கண்ணூரில் அமைந்த கோவை நிலையத்தின் கிளையில் உலகக் கரும்பினங்களின் பெருந்தொகுப்பு ஒன்று பேணப்படுகிறது. பயனற்றதெனத் தோன்றும் நாணலும் அங்கே காக்கப்படுகிறது. நாளைய நோய்க்கு மருந்து எந்தப் புல்லில் ஒளிந்திருக்கிறது என்று இன்று யார் சொல்ல முடியும்?

2000ஆம் ஆண்டில் வெளிவந்த கோ 86032 தமிழகத்திலும் மராட்டியத்திலும் ஒருங்கே பரவிய கரும்பு. கொள்ளிடக் கரையின் உழவரும் கோலாப்பூரின் உழவரும் ஒரே கரும்பை வெட்டுகின்றனர். நோய்க்கு நிலையான வெற்றி இல்லை. ஓயாத விழிப்பே உண்டு. அவ்விழிப்பைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர்களுக்கும், வயலில் முதற் செந்நிறத்தைக் கண்டதும் அக்கரும்பைப் பிடுங்கி எரித்துவிடும் உழவர்க்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.